நான் வைத்த மூன்றாவது பெயர்

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. பாதி ஓசூரில் எங்கள் கம்பெனிக்குள் நடந்தது, மீதி சானமாவுக் காட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரையும் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. ஆனால் விஷயமே பெயரைப் பற்றியது என்பதால் மூன்று குழந்தைகளின் பெயரை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் ஒரு பெயர் இந்த மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கும். அதனால் யாருக்கும் சங்கடம் வராது.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓசூரில் மூக்கண்டப்பள்ளியில் குடியேறி இருபத்திரண்டு வருஷமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. நான் "சொல்லுதேன்" என்றால் கேன்டீனில் இன்றைக்கும் நாலு பேர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் ஒருவர் வீட்டில் கன்னடம், இன்னொருவர் வீட்டில் தெலுங்கு. மூன்று மொழியையும் ஒரே வாக்கியத்தில் போட்டு அரைக்கிறவர்களுக்கு என் தமிழ்தான் வேடிக்கையாகத் தெரிகிறது.

அதே கேன்டீனில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, 'பேரு வாத்தியார்'. என் மூத்த மகள் பிறந்தபோது பெயர் தேடி ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அவளுக்குப் பெயர் வைத்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. பெயர், அதன் பொருள், எந்த மொழியிலிருந்து வந்தது, அதைக் கேட்டால் வேறு என்னென்ன ஞாபகத்துக்கு வருகிறது, வீட்டில் சுருக்கிக் கூப்பிட்டால் எப்படிக் கெட்டுப்போகும் என்று கோடு போட்டு வரிசையாக எழுதி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிற ஆள்தான் நான். ஆனால் ரோகிணி நட்சத்திரத்துக்கு எந்தெந்த எழுத்து என்றால் ஓ, வா, வி, வு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாருக்காவது குழந்தை பிறந்தால் ஷிஃப்ட் முடிந்ததும் என்னிடம் வந்து நிற்பார்கள். நல்ல பொருளுள்ள பெயராக இரண்டு மூன்று சொல்லி அனுப்புவேன்.

இதில் எனக்குக் கர்வம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. வருகைப் பட்டியலில் குப்பன், குப்பம்மா, பிச்சை என்றெல்லாம் பார்த்தால் முகம் தானாகச் சுளிக்கும். பெற்றவர்கள் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கக் கூடாதா என்று தோன்றும். அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

எங்கள் லோடிங் பகுதியில் பாரம் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மனைவி தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பெண். அவர்களுக்கு முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தது. விசாக நட்சத்திரம், 'தே'யில் பெயர் வேண்டும் என்றார். நான் தேஜஸ்வினி என்று எழுதிக் கொடுத்தேன், ஒளி மிகுந்தவள் என்று பொருளும் சொன்னேன். மறுநாள் டிபார்ட்மென்ட் முழுக்க லட்டு கொடுத்தார். இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தை மூச்சுத் திணறி இறந்துபோனது.

அடுத்தது பையன், கார்த்திகை நட்சத்திரம். இந்தத் தடவை நான் நோட்டைக்கூடப் புரட்டவில்லை. ஆயுஷ் என்றேன். "ஆயுள்னே பேரு வச்சாச்சு, இனி என்ன பயம்?" என்று அவர் தோளில் தட்டியும் சொன்னேன். அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். பத்தொன்பதாம் நாள் அதுவும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார். நான் லோடிங் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். கேன்டீனில் அவரைப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவேன். பெயருக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மூன்றாவதாகப் பையன் பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எட்டாம் மாதமே பிறந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். நான் முதலில் செய்த காரியம், மேஜைமேல் கிடந்த பெயர் நோட்டை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டியதுதான்.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வேண்டாத பொருளைக் கண்டுபிடித்து அகற்றுவது என் பொறுப்பு. ஓடாத மிஷின், உடைந்த டிராலி, யாரும் கேட்காத டப்பா, எதுவானாலும் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவேன். எல்லோரும் அதை ரெட் டேக் என்பார்கள். பொருள், காரணம், தேதி, கையெழுத்து என்று அதில் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் 'முடிவு'. அட்டை கட்டிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அந்தப் பொருள் தேவையா, இல்லையா என்று அதில் எழுதிவிட வேண்டும். அதுவரை அதை யாரும் தொடக் கூடாது. முதலாளியே வந்தாலும் தொட மாட்டார். என் கையெழுத்துக்கு அந்த இடத்தில் மட்டும் அவ்வளவு மரியாதை.

ஒருநாள் காலையில் ஸ்கிராப் யார்டில் ஒரு பழைய டிரில்லிங் மிஷினுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஃபோர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார்.

"சார், ஒரு நிமிசம்."

தப்பிக்க வழியில்லை. "சொல்லுங்க தம்பி. பிள்ளை எப்படி இருக்கு?"

"இருக்குது சார். ரெண்டு கிலோ வந்துட்ச்சு. நாளன்னிக்கு வூட்டுக்கு அனுப்பிட்றாங்களாம்."

"சந்தோஷம். பேரு..." என்று இழுத்தேன்.

"பேரு முடிவு பண்ணிட்டோம் சார். குப்பன்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பையன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போனால் எல்லோரும் சிரிக்க மாட்டார்களா, பெரியவனாகி வேலைக்குப் போனால் எப்படிச் சொல்லிக்கொள்வான், துக்கம் இருந்தால் அதற்காகப் பிள்ளை தலையிலா கட்டுவது என்று ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். சூப்பர்வைசர் திட்டும்போது நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் மிஷினில் தொங்கிய அட்டையைக் காட்டினார்.

"இப்போ இதுல டேக் கட்னீங்க. இனிமே எவனாச்சும் இதைத் தொடுவானா சார்?"

"தொடக் கூடாது. வேண்டாத பொருள்னு எழுதிட்டேன்லா."

"அவ்ளோதான் சார். நல்ல நல்ல பேரா வெச்சோம். எடுத்துட்டுப் போறவன் கண்ணு நேரா அதும்மேலயே போச்சு. இந்தத் தடவை டேக் போட்டுடலாம்னு இருக்கோம். குப்பைன்னு எழுதிட்டா எவன் சார் எடுப்பான்?"

அவரே மேலே சொன்னார். பிள்ளை தங்காத வீட்டில் அவர்கள் பக்கம் ஒரு வழக்கம். அடுத்துப் பிறக்கும் குழந்தையை முறத்தில் போட்டு எருக்குழியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வெளி ஆள் ஒருவர் அதை எடுத்துவந்து வாசலில் நின்று 'குப்பை கிடக்குது, வேணுமா?' என்று கேட்க, பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். எடுத்தவர்தான் குப்பன் என்று மூன்று தடவை கூப்பிட்டுப் பெயர் வைக்க வேண்டும். அந்த வெளி ஆளாக நான் வர வேண்டும் என்பதுதான் அவர் கேட்க வந்தது.

"நான் எதுக்கு?"

"எங்க சொந்தபந்தம் யாரும் எடுக்கக் கூடாது சார். பெத்த புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கிற ஆளு எடுக்கணும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "முன்ன வெச்ச ரெண்டு பேரும் நீங்க குடுத்தது. குத்தம் சொல்லல சார், சத்தியமா இல்ல. இதையும் நீங்களே வந்து கூப்ட்டுட்டா எங்களுக்கு ஒரு தைரியம். டேக்ல உங்க கையெழுத்துதானே செல்லும்?"

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளையை எருக்குழியில் வைத்தால் கிருமி ஒட்டாதா, ஒழுங்காகப் பால் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதை விட்டுவிட்டு இது என்ன கூத்து, நான் சர்ச்சுக்குப் போகிறவன், என்னை இதிலெல்லாம் இழுக்காதே என்றேன். கடைசியில் மரியாதையும் குறைந்துபோயிருந்தது.

"சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி ஒரு கிளினிக்கில் லேப் வேலை பார்க்கிறவள். கிருமியைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும், என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள்.

"வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு மாட்டுத் தொழுவம் செஞ்சு, அதுல ஒரு பிள்ளையப் படுக்க வச்சு லைட்டும் போடுதீங்க. இந்தப் பிள்ளை எருக்குழியில ரெண்டு நிமிஷம் படுத்தா மட்டும் உங்களுக்குச் சுவிசேஷம் ஞாபகம் வருதோ?"

"பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நீங்க பேரு குடுத்த ரெண்டும் போச்சு. அப்ப யாரு பொறுப்புன்னு அவங்க கேட்டாங்களா? மூணாவதத் தூக்க வாங்கன்னு கூப்பிடுதாங்க. அதுக்கு மாட்டேங்கீங்க. போங்க, நீங்களும் உங்க நோட்டும்."

அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. நேராக அவர் மனைவிக்கு ஃபோன் போட்டாள். நாங்கள் வருகிறோம், ஆனால் புது முறமாக இருக்க வேண்டும், துவைத்து வெயிலில் காயவைத்த துணி மூன்று மடிப்பு வேண்டும், அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஆஸ்பத்திரியில் எடை பார்த்துத் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று கறாராகப் பேசி முடித்தாள். மறுமுனையில் அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்று சொன்னது எனக்கே கேட்டது.

அந்த வாரக் கடைசியில் பைக்கில் கிளம்பினோம். காட்டு ரோட்டில் வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ராகி வயலிலிருந்து யானைகள் இன்னும் காட்டுக்குத் திரும்பவில்லையாம். முக்கால் மணி நேரம் நின்றோம். அவர் ஃபோன் செய்தார்.

"எங்க சார் இருக்கீங்க?" குரலில் பயம் இருந்தது. நான் மனசு மாறித் திரும்பிவிட்டேனோ என்று நினைத்திருப்பார்.

"யானை தம்பி. போனதும் வாரோம்."

"நிதானமா வாங்க சார்" என்றார். குரல் உடனே இளகிவிட்டது.

எருக்குழி அவர்கள் வீட்டுக்கு நாற்பது அடி தள்ளி இருந்தது. சாணம், ராகித் தட்டு, நடுநடுவே பால் பாக்கெட் கவர்கள். ஓரத்தில் காய்ந்த தட்டைப் பரப்பி அதன்மேல் முறத்தை வைத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்கள். அந்தப் பெண் நடந்த விதத்தைப் பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

நான் இறங்கி எடுத்தேன். செருப்பு சாணத்தில் புதைந்தது. முறத்தில் கொஞ்சம் தவிடு, அதன்மேல் துணி, துணிக்குள் ஒரு சுரைக்காய் அளவுக்குப் பிள்ளை. கண் திறந்து என்னையே பார்த்தது. என் இரண்டு பிள்ளைகளையும் பிறந்த அன்றே தூக்கியிருக்கிறேன், ஆனாலும் இந்த முறத்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். கீழே போட்டுவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

வாசலுக்குப் போய் நின்றேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன். "இங்க ஒரு குப்பை கிடக்கு. உங்களுக்கு வேணுமா?"

"வேணாம்" என்றார் அவர். தலை குனிந்தபடிதான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். அடுத்து அந்தப் பெண் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மறுபடியும் கேட்டேன். அவர் சொன்னார். அவள் சொல்லவில்லை. "சொல்லும்மா, சொல்லிடு" என்று பெண்கள் அவசரப்படுத்தினார்கள். அதற்குள் பிள்ளை அழ ஆரம்பித்தது. எலிக்குஞ்சு மாதிரி மெல்லிய குரல். அந்தக் குரல் கேட்டதும் அவள் ரவிக்கை பாலில் நனைந்தது. எல்லோரும் பார்க்க அப்படியே நின்றாள்.

"ரெண்டு கொழந்தைக்கும் எல்லாம் செஞ்சேன் சார்" என்றாள் என்னிடம். "ஒரு தடவை கூட வேணாம்னு நெனைக்கல. அப்பிடி இருந்தும் போயிட்ச்சுங்க. இதைப் பாத்து எப்பிடி சார் சொல்லுவேன்?"

இது மூடநம்பிக்கை என்று யார்டில் நின்று பிரசங்கம் செய்த ஆள் நான். அந்த நிமிஷம் எனக்கிருந்த ஒரே ஆசை, அவள் எப்படியாவது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான்.

"சொல்லிரும்மா" என்றேன். "நீ சொன்னாத்தான் நான் உன் கையில குடுக்க முடியும்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாக்கொத்து" என்றாள். தெலுங்கில் எங்களுக்கு வேண்டாம் என்று பொருள். தமிழில் சொல்ல வரவில்லையோ, பிறந்த வீட்டு மொழியில்தான் அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடிந்ததோ, எனக்குத் தெரியாது. "மாக்கொத்து, மாக்கொத்து" என்று இன்னும் இரண்டு தடவை வேகமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக் கையை நீட்டினாள். அவர் ஒரு படி தவிட்டை என் துண்டில் கொட்டினார். நான் பிள்ளையைக் கொடுத்தேன்.

இனி பெயர் சொல்ல வேண்டும். "குப்பா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரக்க கூப்டுங்க சார்" என்றாள் ஒரு பெண். "கேக்க வேண்டியவனுக்குக் கேக்க வேணாமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினேன். "குப்பா! ஏ குப்பா!"

"இன்னாப்பா?" என்று பதில் வந்தது.

மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கிழவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். எழுபது தாண்டியிருக்கும். கையில் பாதி மென்ற வேப்பங்குச்சி. "யாரு கூப்ட்டது?" என்று எங்களை முறைத்தார். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"உன்ன இல்ல தாத்தா, இந்தக் குப்பன" என்று ஒருத்தி பிள்ளையைக் காட்டினாள்.

அவர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "அட, என்னியும் இதே குழியில இருந்துதான் எடுத்தாங்கோ" என்றார். "காலங்காத்தால ஏன் எழுப்புறீங்க?" என்று முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்.

பிள்ளையின் அம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் நல்ல உயரம், கூன் விழவில்லை, நடையும் தளரவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிறவரை பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. நான் மூன்றாவது தடவை குப்பா என்று கூப்பிட்டபோது எனக்குக் கூச்சம் சுத்தமாக இல்லை.

கிளம்பும்போது பிள்ளையின் அப்பா என் சட்டைப்பையைப் பார்த்தார். "சார், டேக்?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பையில் எப்போதும் நாலைந்து அட்டை இருக்கும். ஒன்றை எடுத்தேன். பொருள் என்ற இடத்தில் குப்பன். காரணம் என்ற இடத்தில் தேவையில்லை. தேதி, கையெழுத்து. தூளிக் கயிற்றில் அதைக் கட்டினார். முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது. முப்பது நாள்.

அந்த முப்பது நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் காலையில் லோடிங் பக்கம் போய் நிற்பேன். அவர் வண்டியிலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார், அதன் பிறகுதான் என் மேஜைக்குப் போவேன். பன்னிரண்டாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. பிள்ளைக்குச் சளி, இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் எதற்குப் பயந்தேனோ அதே. சாணத்தில் நின்ற என் செருப்புதான் கண்முன் வந்தது. என் மனைவி, அது எருக்குழியால் வந்ததில்லை, குளிரில் வந்தது, குறைமாதப் பிள்ளைக்கு வரக்கூடியதுதான் என்றாள். எனக்குச் சமாதானமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக்குறிப்பு கேட்டபோது எழுந்து நின்று, குப்பன் என்ற குழந்தைக்காக ஜெபிக்கச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருஷம் அப்படிச் சிரித்தவன் நான்தானே என்று உறைத்தது. அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

சேர்த்த நாலாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த வாரம் வருகைப் பட்டியலைக் கையில் எடுத்தபோது என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. எங்கள் கம்பெனியில் ஆறு குப்பன், இரண்டு குப்பம்மா. கேட்டில் நிற்கும் கன்னடக்காரர் திப்பய்யா. அவரிடம் அர்த்தம் கேட்டேன். திப்பே என்றால் குப்பைமேடு, அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம். பெயிண்ட் ஷாப்பில் ஒரு தெலுங்குக்காரர் பெண்டய்யா, பெண்ட என்றாலும் குப்பைதான், அவர் கதையும் அதுவே. மூன்று மொழியிலும் ஒரே பயத்துக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்கு முன்னால் பட்டியலில் வராத எத்தனை குழந்தைகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

என் அப்பாவின் பெயரும் பிச்சை என்றுதான் முடியும். கடவுள் இட்ட பிச்சை என்று பெருமையாகப் பொருள் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஊரில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆமாலே, அப்பாவுக்கு மேல மூணு பிள்ளை செத்துப்போச்சாம். கடைசியில அப்பாவுக்கு மடிப்பிச்சை எடுத்துத்தான் பேரு வச்சாங்களாம். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நோட்டு நோட்டாக ஊரார் பெயருக்கெல்லாம் அர்த்தம் எழுதினேன், அப்பா பெயரை மட்டும் விசாரிக்கவில்லை.

முப்பதாம் நாள் டீ நேரத்தில் குப்பனின் அப்பா என் மேஜைக்கு வந்தார். கையில் அந்தச் சிவப்பு அட்டை. எண்ணெய்ப் பிசுக்கும் பால்கறையுமாக இருந்தது.

"முப்பது நாள் ஆயிட்ச்சு சார். மூணு கிலோ தாண்டிட்டான்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் பேனா மூடியைத் திறக்கத் தெரியவில்லை. முடிவு என்ற கட்டத்தில் 'தேவை' என்று பெரிதாக எழுதப் போனேன். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதை மட்டும் எழுதிடாதீங்க சார்." குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் யாரோ ஒட்டுக்கேட்பதுபோல. "காலியாவே இருக்கட்டும். உங்க கிட்டயே வெச்சுக்கோங்க."

போன வருஷம் அந்தப் பையனை எல்கேஜியில் சேர்த்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பேரா? யாருங்க வெச்சது? இப்பவே மாத்திடுங்க, அப்புறம் கஷ்டம்" என்றார்.

அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் வச்சேன்" என்றேன். "மாத்த வேண்டாம்."

பையன் அதற்குள் ஆபீஸ் மேஜைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட்டான். அவன் அம்மா கூப்பிட்ட குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. அவளும் அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்வதே இல்லை.

இப்போதும் யாராவது பெயர் கேட்டு வருகிறார்கள், சொல்லி அனுப்புகிறேன். ஆனால் முதலில் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்துக்கொள்கிறேன். கம்பெனியில் நான் கட்டிய அட்டை எல்லாவற்றுக்கும் முப்பது நாளில் முடிவு எழுதிவிடுவேன், அதில் பிசகு கிடையாது. ஒன்று மட்டும் என் பெயர் நோட்டின் கடைசிப் பக்கத்தில், கட்டம் காலியாக, ஐந்து வருஷமாக இருக்கிறது. எத்தனையோ சொல்லுக்கு அர்த்தம் எழுதி வைத்திருந்தும், 'எப்படியாவது எங்களோடு இருந்துவிடு' என்பதை 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய வீடுகளும் உண்டு என்பதை அந்த வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.